"மறுகா?" என்று கேட்டுப் பழக்குங்கள்: தூதா, ஆயுதமா என்று மேடையேறப் போகும் பிள்ளைகளுக்கு

களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் படிப்பிக்கிறேன். பதினான்கு வருடமாக விவாத அணியும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. உக்ரேன் போர் தொடங்கிய நாளிலிருந்து ஒரே தலைப்பு உடுப்பை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வருகிறது: அந்நிய நாட்டுப் போரொன்றில் உலகம் ஆயுதம் கொடுக்க வேண்டுமா, பேச்சுவார்த்தைக்குத் தள்ள வேண்டுமா? இந்தத் தலைப்பு கையில் கிடைத்து ஒரு கிழமைக்குள் மேடையேற வேண்டிய பிள்ளைக்கும், அந்தப் பிள்ளையைப் பழக்கப் போகும் ஆசிரியருக்கும் இதை எழுதுகிறேன். நான் விட்ட பிழையும் இதில் இருக்கிறது.

தலைப்பைக் கண்டதும் பிள்ளைகள் போனை எடுத்துத் தரவு தேட ஓடுவார்கள். முதல் நாள் அதை விடாதீர்கள். இரண்டு கதிரையை எதிரெதிரே போடுங்கள். ஒருவர் தன் பக்கத்தைச் சொல்ல வேண்டும். எதிரே இருப்பவருக்கு ஒரேயொரு சொல்தான் அனுமதி: "மறுகா?" வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்குச் சொல்வதென்றால், "பிறகு?" என்பதை மட்டக்களப்பில் நாங்கள் அப்படித்தான் கேட்போம்.

என் அணியில் இரண்டாவதாகப் பேசும் பிள்ளை முதல் நாள் இருந்தது இப்படி:

"பேச்சுவார்த்தைதான் தீர்வு."

"மறுகா?"

"ரெண்டு நாட்டுத் தலைவர்களும் ஒரு மேசைக்கு வரணும்."

"மறுகா?"

"போர்நிறுத்தம்."

"மறுகா?"

"மறுகா... சமாதானம்."

"மறுகா?"

பிள்ளை பேனை மூடியைத் திருகிக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தாள். பதில் வரவில்லை. ஆயுதப் பக்கம் பேச வந்தவன் இன்னும் வேகமாக நின்றான். "ஆயுதம் கொடுக்கணும்." மறுகா? "உக்ரேன் வெல்லும்." மறுகா? வெல்வதென்றால் எது? 2022 பெப்ரவரி 24க்கு முதல்நாள் இருந்த கோட்டுக்குத் திரும்புவதா, 2014ல் ரஷ்யா கிரிமியாவைத் தன்னோடு சேர்க்க முன்பிருந்த எல்லைக்குத் திரும்புவதா? அவன் அதை யோசித்தே இருக்கவில்லை.

இந்தத் தலைப்பில் தோற்கும் அணிகள் பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில்தான். சமாதானம் நல்லது, போர் கெட்டது என்று ஒன்பது நிமிடம் பேசுவார்கள். அது எதிரணிக்கும் சம்மதம். நடுவருக்கும் சம்மதம். அதற்கு யாரும் புள்ளி போடமாட்டார்கள். ஒரு பக்கம் சொல்லும் வழியில் போனால் அடுத்த ஆறு மாதத்தில் என்ன நடக்கும், அது கைகூடாமல் போனால் யார் என்ன செய்வார்கள், இந்த இரண்டையும் சொல்லத் தெரிந்த பிள்ளைதான் வெல்லும்.

சொல்லை உடையுங்கள்

இரண்டாம் நாள் கரும்பலகையில் "பேச்சுவார்த்தை" என்று எழுதி அதற்குள் இருக்கும் வேலைகளைப் பிள்ளைகளே பிரிக்கட்டும். போர்நிறுத்தம் வேறு, சமாதான உடன்படிக்கை வேறு. கைதிப் பரிமாற்றம், சனம் வெளியேறப் பாதை திறப்பது, தானியக் கப்பலுக்கு வழிவிடுவது எல்லாம் போர் நடக்கும்போதே நடக்கக்கூடிய பேச்சுகள். "ஆயுத உதவி"யையும் அப்படியே உடையுங்கள். வானில் வரும் ஏவுகணையை அடித்து வீழ்த்தும் கருவி ஒன்று, எதிரி நாட்டுக்குள் தூரத்துக்குப் போய் விழும் ஏவுகணை இன்னொன்று. குண்டு, பயிற்சி, உளவுத் தகவல், பணம், ஆள் என்று ஒவ்வொன்றுக்கும் ஆபத்தின் அளவு வேறு. முதல் பேச்சாளர் எழும்பி, "நாங்கள் ஆதரிப்பது இன்னது மட்டும்" என்று கோடு போட்டுவிட்டால் எதிரணி தயாரித்து வந்ததில் பாதி வீணாகிவிடும்.

தூது என்றால் என்னவென்று எங்கள் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த நான் ஐ.நா. வரை போவதில்லை. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் சடங்கும் தீமிதிப்பும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். கண்ணன் தூது போய்க் கேட்டது என்ன? முதலில் பாதி நாடு. இல்லையென்றால் ஐந்து ஊர். அதுவும் இல்லையென்றால் ஐந்து வீடு. கேட்பதை இப்படிப் படிப்படியாக இறக்கத் தெரிந்திருக்க வேண்டும், எந்தப் படிக்குக் கீழே இறங்கமாட்டோம் என்றும் தெரிந்திருக்க வேண்டும். ஈ இருக்கும் இடம்கூட இல்லை என்று மறுப்பவன் எதிரே இருந்தால் என்ன செய்வதென்ற விடையும் கையில் இருக்க வேண்டும். இதைச் சொன்ன பிறகுதான் என் பிள்ளைகள் "பேசணும்" என்று மொட்டையாகச் சொல்வதை விட்டு, "இன்னதைக் கேட்டுப் பேசணும்" என்று சொல்லத் தொடங்கினார்கள். இன்னொன்றும் பாருங்கள்: அந்தத் தூது போகும்போது இரண்டு பக்கமும் படை திரட்டிக்கொண்டுதான் இருந்தது. தூதும் ஆயுதமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே நடப்பவை. தலைப்பு இரண்டையும் எதிரெதிரே நிறுத்துகிறது என்பதற்காகப் பிள்ளையும் அப்படி நம்பிவிடக் கூடாது.

ஒரு தரவை இரண்டு பக்கமும் பிடிக்கப் பழக்குங்கள்

மூன்றாம் நாள்தான் தரவு. ஏ4 தாளை நாலாக வெட்டி, ஒரு துண்டில் ஒரு சம்பவம் எழுத வேண்டும். துண்டின் முன்பக்கம் தூது அணி அதை எப்படிப் பிடிக்கும் என்றும், பின்பக்கம் ஆயுத அணி எப்படிப் பிடிக்கும் என்றும் எழுத வேண்டும். ஒரு பக்கம் வெறுமையாக இருந்தால் அந்தத் துண்டை நான் வாங்குவதில்லை.

எங்கள் துண்டுக் கட்டுக்குள் இருக்கும் சிலவற்றைச் சொல்கிறேன்.

1994 டிசம்பர் 5, புடாபெஸ்ட். சோவியத் ஒன்றியம் உடைந்தபோது தன் மண்ணில் மிஞ்சியிருந்த அணு ஆயுதங்களை விட்டுக்கொடுக்க உக்ரேன் உடன்பட்டது. பதிலுக்கு ரஷ்யா, அமெரிக்கா, பிரித்தானியா மூன்றும் அதன் எல்லையை மதிப்பதாகக் கையெழுத்திட்டன. இருபது வருடத்தில் கிரிமியா போயிற்று. ஆயுத அணி இதைக் கையில் எடுத்து, தாளை நம்பியவனின் கதியைப் பார் என்று சொல்லும். தூது அணி தலைகுனியத் தேவையில்லை: அந்தத் தாளில் வாக்குறுதி இருந்தது, மீறினால் என்ன நடக்கும் என்ற ஏற்பாடு இல்லை, பிழை பேசியதில் இல்லை, பாதியில் பேசி முடித்ததில் இருக்கிறது என்று திருப்பலாம்.

2022 ஜூலை 22, தானிய ஒப்பந்தம். துருக்கியும் ஐ.நா.வும் நடுவில் நின்று கருங்கடலில் கப்பலுக்கு வழி எடுத்தன. ஒரு வருடத்தில் ஏறக்குறைய 3 கோடியே 30 இலட்சம் தொன் தானியம் வெளியே போனது. சூடு நிற்காமலே பேச்சு பலன் தரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என் கட்டில் இல்லை. ஆனால் 2023 ஜூலை 17ல் ரஷ்யா விலகியது. மறுகா? ரஷ்யக் கடற்படையை ட்ரோனாலும் ஏவுகணையாலும் பின்தள்ளி, ஆகஸ்டில் உக்ரேன் தானாகவே ஒரு கப்பல் பாதையைத் திறந்தது. துண்டின் பின்பக்கத்தில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் பாடமாக்கிக்கொண்டு போகும் பிள்ளை எதிரணியின் முதல் கேள்வியிலேயே சிக்கிவிடும்.

ஆயுதம் கொடுத்ததின் பலனும் அப்படித்தான். 2022 நவம்பரில் கேர்சன் நகரம் மீட்கப்பட்டது, மேற்கு நாடுகள் கொடுத்த ரொக்கெட்டுகளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அடுத்த கோடையில் மேற்கின் தாங்கிகளோடு தொடங்கிய பெரிய தாக்குதல் ரஷ்யக் காவலரணை உடைக்க முடியாமல் நின்றது. 2024ல் அமெரிக்கக் காங்கிரசில் உதவிச் சட்டம் மாதக்கணக்கில் இழுபட்டு, ஏறக்குறைய 6,100 கோடி டொலர் ஏப்ரலில்தான் நிறைவேறியது; அதற்குள் பெப்ரவரியில் குண்டுத் தட்டுப்பாட்டோடு அவ்தீவ்கா நகரம் உக்ரேனால் கைவிடப்பட்டது. இந்த மூன்றையும் வரிசையாக அடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயுதம் பலன் தருமா என்ற கேள்வி, எது, எப்போது, எவ்வளவு என்ற கேள்வியாக மாறும்.

கொரியாவை மறக்க வேண்டாம். 1951 ஜூலையில் பேச்சு தொடங்கியது, 1953 ஜூலை 27ல் போர்நிறுத்தம் கைச்சாத்தானது. இடையில் இரண்டு வருடம் சூடும் நடந்தது, பேச்சும் நடந்தது. கைதிகளை எப்படித் திருப்பி அனுப்புவது என்ற ஒரு விடயத்திலேயே மாதங்கள் போயின. "பேசத் தொடங்கினால் சாவு நின்றுவிடும்" என்று மேடையில் சொல்லும் பிள்ளைக்கு இந்தத் துண்டை முதலில் கொடுங்கள். சமாதான உடன்படிக்கை அங்கே இன்னும் எழுதப்படவில்லை, ஆனாலும் அந்தக் கோடு எழுபது வருடத்துக்கு மேலாக நிற்கிறது. இது தூது அணிக்கு நல்ல பலம்.

சட்டத்துக்கு ஐ.நா. பட்டயத்தில் மூன்று இடம் போதும். உறுப்புரை 2(4) இன்னொரு நாட்டின் மீது படைபலம் பாவிப்பதைத் தடுக்கிறது. 33 பிணக்கை முதலில் பேசித் தீர்க்கச் சொல்கிறது. 51 தாக்கப்பட்ட நாடு தன்னைக் காக்கவும், மற்றவர்கள் அதற்குத் துணை நிற்கவும் இடம் கொடுக்கிறது. "நம் நாடு என்ன செய்தது?" என்று நடுவர் கேட்கக்கூடும். 2022 மார்ச் 2ல் பொதுச்சபையில் ரஷ்யாவைக் கண்டித்த தீர்மானத்துக்கு ஆதரவு 141, எதிர்ப்பு 5. வாக்களிக்காமல் விலகி நின்ற 35 நாடுகளில் இலங்கையும் ஒன்று.

எங்கள் போரை எப்படித் தொடுவது

இதைத்தான் ஆறுதலாகச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இந்தத் தலைப்பு எடுக்கப்பட்டால், மண்டபத்தில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் உக்ரேனைக் கேட்டுக்கொண்டு வேறொன்றைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

2023ல் ஒரு போட்டிக்கு என் அணிக்கு நான் எழுதிக்கொடுத்த வரி: "எங்கள் போரும் அவர்கள் போரும் ஒன்றுதான்." கைதட்டு வந்தது. எதிரணியின் மூன்றாம் பேச்சாளர் எழும்பி, ஒன்று ஒரு நாட்டுக்குள் நடந்த போர், மற்றது ஒரு நாடு எல்லை தாண்டி இன்னொரு நாட்டுக்குள் புகுந்த போர், இரண்டுக்கும் ஒரே சட்டமா என்று கேட்டாள். என் பிள்ளைகளிடம் பதில் இல்லை. நான்தான் கொடுக்கவில்லை. தோற்றோம், தோற்றது சரி. பஸ்ஸில் திரும்பி வரும்போது பிள்ளைகளிடம் அதைச் சொன்னேன்.

அதற்காக எங்கள் அனுபவத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டவும் வேண்டாம். அதை ஆதாரமாக நீட்டாமல் கேள்வியாகக் கொண்டுவரப் பழக்குங்கள். எப்படியென்று என் வீட்டுக் கதையால் காட்டுகிறேன்.

எங்கள் வீடு மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில், வயல் மேற்குப் பக்கமான படுவான்கரையில். வாவியைத் தாண்ட அப்போது எங்களுக்கு மண்முனைப் படகுத்துறைதான் வழி. பாலம் 2014ல்தான் வந்தது. போர்க்காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த அந்தப் பக்கம் கொண்டுபோகக் கூடாத சாமான்களில் ரோச் பற்றரியும் ஒன்று. 2002 பெப்ரவரி 22ல் நோர்வே நடுவில் நின்று, அரசுக்கும் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. அந்த வருடச் சிறுபோகத்தில் அப்பா நாலு பற்றரியைக் கடைப் பையோடு சைக்கிள் ஹாண்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு துறைக்குப் போனார். நான் பின்னால் கரியரில் இருந்தேன். சென்றியில், அதாவது காவலரணில், நின்ற பெடியன் பையைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், போகச் சொல்லித் தலையாட்டினான். அன்றிரவு வாடியில் யானைக் காவலுக்கு அப்பா ரோச் அடித்தார். அதுவரை பந்தம்தான். வெளிச்சம் வரம்பு வரம்பாகப் போய் அடுத்த வயலின் வேலியில் விழுந்ததை இப்போதும் பார்க்கிறேன். போர்நிறுத்தம் என்றால் என்னவென்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் வருவது அந்த வெளிச்சம்தான்.

அந்த உடன்படிக்கையின் கண்காணிப்புக் குழு வெள்ளை வாகனத்தில் வரும். யார் மீறினார், எங்கே மீறினார் என்று எழுதிக்கொண்டு போகும். எழுதும் அதிகாரம்தான் அவர்களுக்கு இருந்தது, தடுக்கும் அதிகாரம் இருக்கவில்லை. 2003 ஏப்ரலில் பேச்சு இடைநின்றது. 2006ல் மாவிலாற்று அணைக்கட்டுப் பிரச்சினையோடு திரும்பவும் பெரிய சண்டை. 2007 மார்ச்சில் படுவான்கரைச் சனம் ஆயிரக்கணக்கில் வாவியைத் தாண்டி இந்தப் பக்கம் ஓடிவந்தது, எங்கள் வகுப்பறைகளில் பாய் விரித்துப் படுத்தது. 2008 ஜனவரியில் உடன்படிக்கை முறைப்படி முடிவுக்கு வந்தது.

இதிலிருந்து என் பிள்ளைகள் மேடைக்குக் கொண்டுபோகும் கேள்வி ஒன்றே ஒன்று: "மீறினால் தடுப்பது யார்?" தூது அணியில் நின்றால், அதற்கு விடை இருக்கும் ஒப்பந்தத்தை அவர்கள் முன்வைக்க வேண்டும். ஆயுத அணியில் நின்றால், அதே கேள்வியை எதிரணியிடம் கேட்க வேண்டும். கிழக்கு உக்ரேனில் சண்டையை நிறுத்த 2014லும் 2015லும் பெலாரசின் மின்ஸ்கில் எழுதிய உடன்படிக்கைகளுக்கும் கண்காணிப்பாளர்கள் இருந்தார்கள், அவர்களும் எழுதத்தான் செய்தார்கள். இரண்டு போரும் வேறு, ஆனால் இந்தக் கேள்வி இரண்டுக்கும் பொருந்தும். 2023ல் நான் விட்ட பிழைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

நல்ல விடை எப்படி இருக்கும் என்பதற்கு இந்தோனேசியாவின் அச்சே மாகாணத்தைப் படிக்கச் சொல்லுங்கள். 2004 டிசம்பர் 26ல் எங்கள் கரையை அடித்த அதே கடல் அங்கேயும் அடித்தது. 2005 ஆகஸ்ட் 15ல் ஹெல்சிங்கியில், பின்லாந்தின் முன்னாள் ஜனாதிபதி அஹ்திசாரி நடுவில் நிற்க, இந்தோனேசிய அரசும் அச்சே போராளிகளும் கையெழுத்திட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் ஆசியான் நாடுகளும் சேர்ந்த குழு நேரில் நின்று 840 ஆயுதங்களை வாங்கி அழிப்பதையும், படை வெளியேறுவதையும் பார்த்தது. இங்கே அதே வருடம் ஜூனில் அரசுக்கும் புலிகளுக்கும் இடையே கைச்சாத்தான சுனாமி நிவாரணப் பொதுக்கட்டமைப்பு, அடுத்த மாதமே உயர்நீதிமன்ற இடைக்காலத் தடையில் நின்றுபோனது. சுனாமி அடித்த கல்லாற்றுப் பிள்ளைகளும் மருதமுனைப் பிள்ளைகளும் இதைச் சொல்லும்போது குரல் வேறாக இருக்கும். அச்சேயும் உள்நாட்டுப் போர்தான் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆயுத அணிக்குக் கனமான ஒரு துண்டும் வேண்டும். போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகா, 1995 ஜூலை. ஐ.நா. "பாதுகாப்பு வலயம்" என்று பெயர் வைத்த இடம். காவலுக்கு நின்ற நெதர்லாந்துப் படையால் தடுக்க முடியவில்லை, 8,000க்கு மேற்பட்ட ஆண்களும் பெடியன்களும் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் கடைசியில் நேட்டோ விமானத் தாக்குதல் தொடங்கியது, நவம்பரில் அமெரிக்காவின் டேய்ட்டனில் அந்தப் போரை முடிக்கும் உடன்பாடு வந்தது. வெறும் பலகை நட்டுப் பாதுகாப்பு வலயம் என்று எழுதினால் என்ன நடக்கும் என்பதை எங்கள் சனத்துக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. மெதுவாகச் சொன்னால் போதும், குரலை உயர்த்த வேண்டாம்.

எதிர்ப்பக்கத்துக்கும் எங்கள் வானத்திலிருந்தே ஒன்று இருக்கிறது. எங்கள் போரில் இலங்கை விமானப்படை பறக்கவிட்ட மிக்-27 விமானங்கள் சோவியத் காலத்தில் செய்யப்பட்டவை, 2000ல் இலங்கை அவற்றை வாங்கியது உக்ரேனிடமிருந்து. இன்று ஆயுதம் கேட்கும் நாடு அன்று விற்ற நாடு. இதைச் சொல்லி உக்ரேன் சனத்தின் துயரத்தைச் சின்னதாக்க எந்தப் பிள்ளையையும் நான் விடமாட்டேன். கொடுத்த ஆயுதம் எந்தக் கைக்குப் போகும், போர் முடிந்த பிறகு எங்கே போகும் என்ற கேள்வியைத் திறக்க மட்டும் இதைப் பாவிக்கலாம்.

பிள்ளையையும் பாருங்கள்

இந்த ஊர்களில் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் இருக்கும் பிள்ளைகள் அணிக்கு வருவார்கள். ஒரு பிள்ளையின் மாமாவைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. ஆயுதப் பக்கம் பேசமாட்டேன் என்றாள். வற்புறுத்தவில்லை. எதிரணியிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதும் வேலையைக் கொடுத்தேன். அந்த வருடம் எங்களுக்குக் கிடைத்த கூர்மையான கேள்விகள் எல்லாம் அவளுடைய கொப்பியிலிருந்து வந்தவை. காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் வரும் அணிகளோடு பழக்கப் போட்டி வைக்கும்போதும் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: செத்தவர்களை எண்ணி யாருக்குக் கூட என்று மேடையில் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்கோடு வந்தவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

கடைசி இரண்டு நாளும் பக்கம் மாற்றிப் பேச வையுங்கள். பேச்சு நடுவில் நிற்கும்போதே, "கிறுகு!" என்று நான் சொல்வேன், அந்த வசனத்திலிருந்தே மற்றப் பக்கம் திரும்ப வேண்டும். முதலில் திணறுவார்கள், நாலாம் தரம் தானாக வரும். போட்டிக்கு முதல்நாள் இரவு செய்தி பார்த்து, போர்க்கோடு எங்கே நிற்கிறது, பேச்சு எந்த ஊரில் நடக்கிறது என்ற இரண்டையும் புதுத் துண்டில் எழுதச் சொல்லுங்கள். பழைய செய்தியோடு மேடையேறிய அணியை நடுவர் உடனே பிடித்துவிடுவார்.

தொகுப்புரைக்குக் கடைசியாக வரும் பேச்சாளருக்கு மூன்று நிமிடம் கிடைக்கும். அதில் புதுத் தரவு எதுவும் வேண்டாம். எதிரணி பதில் சொல்லாமல் விட்ட ஒரு "மறுகா"வை எடுத்து, எப்போது கேட்டோம், என்ன பதில் வந்தது என்று நடுவருக்கு நினைவூட்டட்டும். தன் அணி அதே கேள்விக்குச் சொன்ன விடையை ஒரு வசனத்தில் திரும்பச் சொல்லட்டும். மணி அடிக்கும் வரை இழுக்காமல், முப்பது விநாடி மிச்சம் இருக்கும்போதே வணக்கம் சொல்லி இருந்துவிடட்டும்.